அரை மில்லி செகண்டுல அரியர் க்ளியர்!

"அப்பா என்ன பண்றார்?"

காலேஜ்ல சேர்ந்த முதல் நாள் கொடுத்த ஃபார்ம்ல இந்தக் கேள்வி இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. 'பிசினஸ்'னு எழுதிட்டேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தவள் 'என்ன பிசினஸ்?'னு கேட்டப்ப, "ஸ்போர்ட்ஸ் சம்பந்தப்பட்டது"ன்னு சமாளிச்சேன். அது முழுப் பொய் இல்லை. எங்க அப்பா சென்னையில ஒரு கோல்ஃப் மைதானத்துல கேடி. 24 வருஷமா மத்தவங்க பையைத் தோள்ல தூக்கிட்டு நடக்கறார்.

இது என் அப்பா கதையா, கோல்ஃப் கதையா, இல்ல என் இன்ஜினீயரிங் மெக்கானிக்ஸ் அரியர் கதையா? மூணும்தான் பாஸ்! மூணும் ஒரே இடத்துல வந்து மோதுது. அந்த மோதல் எவ்வளவு நேரம் நடக்குது தெரியுமா? 0.0005 செகண்ட். அதாவது அரை மில்லி செகண்ட். கோல்ஃப் மட்டையும் பந்தும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கிற மொத்த நேரமே அவ்வளவுதான்!

(மட்டையை 'கிளப்'னுதான் சொல்லணும். 'பேட்'னு சொன்னா எங்க அப்பா சாப்பாடு போட மாட்டார்!)

ஃபர்ஸ்ட் ஷாட்... ஃபர்ஸ்ட் அவமானம்!

அப்பா வேலை பார்க்கிற இடத்துல திங்கட்கிழமை மெம்பர்களுக்கு லீவு. அன்னிக்குக் காலையில மட்டும் கேடிகள் விளையாடலாம். செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம் அது. மெக்கானிக்ஸ்ல புட்டுக்கிச்சு. வீட்டுல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த என்னை, "வா பாப்பா, காத்து வாங்கிட்டு வரலாம்"னு அப்பா கூட்டிட்டுப் போனார்.

கையில ஒரு பழைய 7 நம்பர் அயர்னைக் கொடுத்தார். ஓங்கி ஒரு வீசு வீசினேன். பந்து அப்படியே இருந்தது, பின்னாடி இருந்த புல்லுதான் பறந்தது! அடுத்தது பட்டுது. ஆனா நேரா போகாம, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு வலது பக்கப் புதருக்குள்ள போயிடுச்சு. பத்து பந்து அடிச்சேன். பத்தும் அதே புதர்!

இதுக்கு கோல்ஃப்ல 'ஸ்லைஸ்'னு பேர். புதுசா ஆட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வர்ற வியாதி இது.

நான் விடுவேனா? திருவல்லிக்கேணி பிளாட்ஃபார்ம் கடையில ஒரு பழைய கோல்ஃப் புத்தகம் வாங்கினேன். 'நீங்கள் கிளப்பை வீசும் பாதையில்தான் பந்து கிளம்பும். பிறகு கிளப் முகம் பார்க்கும் திசைக்கு வளையும்'னு அதுல போட்டிருந்தது. ஆஹா, அப்ப நான் இன்னும் இடது பக்கமா வீசினா பந்து இடது பக்கமா கிளம்பும், புதருக்குப் போகாதுன்னு கணக்குப் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை அப்படியே வீசினேன்.

பந்து முன்னைவிட இன்னும் பயங்கரமா வளைஞ்சு, புதரையும் தாண்டிப் போயிடுச்சு!

அப்பா சிரிச்சார். "புக்குல என்ன போட்டிருக்கோ எனக்குத் தெரியாது பாப்பா. மூஞ்சி எங்க பாக்குதோ, பந்து அங்கதான் கெளம்பும். நீ வீசற வழி வேற, மூஞ்சி வேறன்னா, அப்புறமா வளையும். இருபது வருஷமா பந்தைத் தேடி ஓடுறவன் நான். எங்க கெளம்புதுன்னு பாக்காட்டி எப்படித் தேடறது?"

எட்டாவது வரைக்கும் படிச்ச அப்பாவா, அச்சடிச்ச புத்தகமா? அன்னிக்கு நான் புத்தகத்தைத்தான் நம்பினேன். வெட்கமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை.

அப்பா பாஸ்... புக் ஃபெயில்!

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். டென்மார்க்ல 2003-ல் தொடங்கின 'டிராக்மேன்' கம்பெனி, ரேடாரை வச்சு கோல்ஃப் பந்தைப் பின்தொடர்ற மெஷினைக் கொண்டு வந்தது. கிளப் எந்தப் பாதையில வந்தது, முகம் எந்தப் பக்கம் பார்த்தது, பந்து எங்க கிளம்பிச்சுன்னு எல்லாத்தையும் அளக்க முடிஞ்சது. அளந்து பார்த்தா, பந்து கிளம்புற திசையை முக்கியமா முடிவு பண்றது கிளப் முகம்தான்! டிரைவர்ல சுமார் 85 சதவீதம், அயர்ன்ல சுமார் 75 சதவீதம் முகத்தோட பங்கு. மிச்சம்தான் பாதைக்கு. முகத்துக்கும் பாதைக்கும் நடுவுல எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதுக்கு ஏத்த மாதிரி பந்து வளையும்.

இப்ப என் வண்டவாளத்தைப் பாருங்க. முகம் வலது பக்கம் பார்க்குது. நான் பாதையை இன்னும் இடது பக்கம் இழுத்தேன். ரெண்டுக்கும் நடுவுல இருந்த கோணம் பெருசாச்சு. வளைவும் பெருசாச்சு. வியாதிக்கு மருந்துன்னு நினைச்சு, வியாதியையே இன்னொரு டம்ளர் குடிச்சிருக்கேன்!

நம்பிக்கை வரலையா? கிளப்பே வேண்டாம். ஹாஸ்டல் வராண்டாவுல டைல்ஸ் கோடு இருக்கும் இல்லையா? கோட்டு மேல ஒரு டென்னிஸ் பந்து வைங்க. ஒரு தடிமனான புத்தகத்தை நிமிர்த்திப் பிடிச்சு, அட்டையைக் கொஞ்சம் வலது பக்கமா திருப்பிக்கங்க. இப்ப புத்தகத்தைக் கோட்டு மேலேயே நேரா நகர்த்தி, பந்தை மெதுவாத் தட்டுங்க. பந்து கோட்டுல போகாது. அட்டை பார்த்த பக்கம் உருளும். அவ்வளவுதான் மேட்டர்!

அந்த அரை மில்லி செகண்டுல என்ன நடக்குது?

கோல்ஃப் பந்தோட எடை அதிகபட்சம் 45.93 கிராம். விட்டம் குறைஞ்சபட்சம் 42.67 மி.மீ. இது விதி. ஒரு நல்ல டிரைவர் ஷாட்ல இது செகண்டுக்கு 70 மீட்டர் வேகத்துல, அதாவது மணிக்கு 252 கி.மீ. வேகத்துல கிளம்புதுன்னு வச்சுக்குவோம். அசையாம இருந்த பந்து, 0.0005 செகண்டுல இந்த வேகத்துக்கு வரணும். உந்தத்தை நேரத்தால வகுத்துப் பாருங்க. சராசரி விசை சுமார் 6,400 நியூட்டன். அதாவது 650 கிலோ எடை! கிட்டத்தட்ட ரெண்டு ஆட்டோவை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அந்தச் சின்னப் பந்து மேல வச்ச மாதிரி. பந்து அப்பளமா நசுங்கி, மறுபடி உருண்டையாகித் துள்ளிக் கிளம்புது. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன், மின்னல் மாதிரி வெட்டுற ஸ்ட்ரோப் விளக்கை வச்சு 1930-கள்லயே கோல்ஃப் வீச்சைப் படம் பிடிச்சுக் காட்டினார்.

இந்த நேரத்துல கிளப் நகர்ற தூரம் வெறும் 2 சென்டிமீட்டர் சொச்சம்.

நம்ம கதை என்ன? கையில பட்டது மூளைக்குப் போய், மூளை 'திருப்பு'ன்னு உத்தரவு போட்டு, கை திரும்ப சுமார் 0.2 செகண்ட் ஆகும். அதாவது மோதல் நேரத்தைப் போல 400 மடங்கு! 'பட்டுச்சு'ன்னு நமக்குத் தெரியறதுக்குள்ள பந்து போயே போயிடுச்சு. அதனால, அடிக்கிற நேரத்துல மணிக்கட்டைத் திருப்பி சரி பண்ணிடலாம்னு நினைக்கிறது, பஸ் போனப்புறம் ஸ்டாப்புல நின்னு கை காட்டற மாதிரி. எதையெல்லாம் சரி பண்ணணுமோ, அதையெல்லாம் முன்னாடியே பண்ணி வச்சிருக்கணும்.

எனக்கு இது எக்ஸாம் மாதிரியே தோணுச்சு. கொஸ்டின் பேப்பரைப் பார்த்தப்புறம் படிக்க முடியுமா என்ன?

மெக்கானிக்ஸ் மேடம் சொன்ன 'e'

இங்கதான் என் அரியர் உள்ள வருது. 'மீள்தன்மைப் பொருட்களின் மோதல்'னு ஒரு பாடம். மோதலுக்கு அப்புறம் விலகற வேகத்தை, மோதலுக்கு முன்னாடி நெருங்கின வேகத்தால வகுத்தா வர்றது e. எக்ஸாம்ல இதுல வந்த கணக்கைத்தான் நான் கோட்டை விட்டேன்.

இப்ப கோல்ஃப்ல போடுவோம். டிரைவர் தலையோட எடை சுமார் 200 கிராம். பந்து 46 கிராம். டிரைவர் முகம் ரொம்பத் துள்ளக் கூடாதுன்னு யு.எஸ்.ஜி.ஏ., ஆர் அண்ட் ஏ அமைப்புகள் வரம்பு வச்சிருக்காங்க. e கணக்குல அது சுமார் 0.83. ஃபார்முலா என்ன? பந்தோட வேகம் = கிளப் வேகம் × (1 + e) ÷ (1 + பந்து எடை/கிளப் எடை). அதாவது 1.83-ஐ 1.23-ஆல வகுக்கணும். விடை 1.49!

கிளப் 100-ல வந்தா பந்து 149-ல போகும். கோல்ஃப்காரங்க இந்த விகிதத்துக்கு வச்சிருக்கிற பேர் 'ஸ்மாஷ் ஃபேக்டர்'. உலகத்தோட டாப் ஆட்டக்காரங்களுக்கும் இது 1.5 பக்கத்துலதான் நிக்குது. அதுக்கு மேல இயற்பியலே விடாது. நாம எங்க கோட்டை விடறோம்னா, நடுவுல படாம ஓரத்துல பட்டா தலை முறுக்கிக்கும். சக்தி அதுல வீணாகி, 1.49 கீழே இறங்கும். அப்ப, பலமா அடிக்கிறவங்களைவிட நடுவுல அடிக்கிறவங்க தூரம் போக நிறைய சான்ஸ் இருக்கு. நம்மள மாதிரி ஒல்லிப்பிச்சான் பார்ட்டிகளுக்கு இது எவ்வளவு நல்ல சேதி!

ராத்திரி பதினோரு மணிக்கு இந்தக் கணக்கு 1.49-னு வந்தப்ப நான் கத்தின கத்துல அம்மா எழுந்து வந்துட்டாங்க. அப்பாகிட்ட காட்டினேன். நோட்டை உத்துப் பார்த்துட்டு, "இதெல்லாம் பந்து பட்ற சத்தத்துலயே தெரியும் பாப்பா"ன்னார்!

பந்தைத் தூக்கணுமா? தூக்காதே!

அடுத்த பாடம், புல்லு பறந்த கதை. தரையில கிடக்கிற பந்து மேல போகணும்னா, அடியில கரண்டி மாதிரி விட்டுத் தூக்கணும்னு நமக்குத் தோணும். அதுதான் தப்பு! தூக்கறதுக்காகவே அயர்ன் முகத்தைச் சாய்ச்சு வச்சிருக்காங்க. நாம கீழ்நோக்கி அடிக்கணும். புரொஃபஷனல் ஆட்டக்காரங்களோட 6 நம்பர் அயர்ன், பந்தைத் தொடறப்ப சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி இறங்கிக்கிட்டு இருக்கும். முதல்ல பந்து, அப்புறம்தான் புல். புல் பெயர்ந்த குழி பந்துக்கு முன்னாடி இருந்தா நீங்க பாஸ். பின்னாடி இருந்தா... என் கூட வந்து உட்காருங்க!

சாய்ந்த முகத்துல படற பந்து பின்னோக்கிச் சுழலும். ஒரு நல்ல 7 நம்பர் அயர்ன் ஷாட்ல இந்தச் சுழற்சி 7,000 ஆர்.பி.எம். வரைக்கும் போகும். பைக்கை முறுக்கினா வர்ற ஆர்.பி.எம்.! இந்தச் சுழற்சிதான் காத்துல பந்தைத் தாங்கிப் பிடிக்குது. இதை 1890-கள்லயே ஆராய்ச்சி பண்ணிச் சொன்னவர், ஸ்காட்லாந்துல எடின்பரோ பல்கலைக்கழகத்துல இருந்த பி.ஜி.டெய்ட்ங்கிற இயற்பியல் புரொஃபசர். அவரோட பையன் ஃப்ரெடி டெய்ட், 1896-லயும் 1898-லயும் பிரிட்டிஷ் அமெச்சூர் சாம்பியன்!

அங்க அப்பா புரொஃபசர், பிள்ளை ஆட்டக்காரன். எங்க வீட்டுல அப்படியே உல்டா.

டிப்ஸ்... டிப்ஸ்... அப்பா டிப்ஸ்!

இவ்வளவு நேரம் தியரி. இனி பிராக்டிகல் (வலது கைக்காரங்களுக்கு. இடது கைக்காரங்க மாத்திப் போட்டுக்கங்க).

1. மூஞ்சி பாரு: பந்து வலது பக்கம் வளையுதா? உடனே வீச்சை மாத்தாதீங்க. முதல்ல பிடியைப் பாருங்க. மேலே இருக்கிற இடது கையைக் குனிஞ்சு பார்த்தா, ரெண்டு விரல் முட்டியாவது தெரியணும். ஒண்ணுகூடத் தெரியலைன்னா, பந்தைத் தொடறப்ப முகம் வலது பக்கம் திறந்துக்க வாய்ப்பு அதிகம். எனக்கு இருந்த கோளாறே இதுதான்!

2. கிளம்பறதைக் கவனி: பந்து எங்க விழுந்துச்சுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, எங்க கிளம்பிச்சுன்னு பாருங்க. கிளம்பின பக்கம் முகத்தைச் சொல்லும். வளைஞ்ச பக்கம், முகத்துக்கும் பாதைக்கும் உள்ள தகராறைச் சொல்லும். (ஆனா டிரைவர்ல பந்து ஓரத்துல பட்டாலும் வளையும். அதனால மூணாவது டிப்ஸை முதல்ல செஞ்சு பாருங்க.)

3. மார்க்கர் டெஸ்ட்: க்ளாஸ்ல ஒயிட் போர்டுக்கு யூஸ் பண்ற மார்க்கர் இருக்கே, அதுல பந்தோட பின்பக்கம் ஒரு பொட்டு வைங்க. பொட்டு கிளப்பைப் பார்த்த மாதிரி வச்சு அடிங்க. பொட்டு கிளப் முகத்துல ஒட்டிக்கும். நடுவுல பட்டுதா, ஓரத்துல பட்டுதான்னு உடனே தெரியும். துடைச்சா போயிடும்.

4. கோலமாவு டெஸ்ட்: தரையில கோலமாவுல குறுக்கே ஒரு கோடு போடுங்க. பந்து இல்லாமலே வீசுங்க. கிளப் தரையைத் தொடற இடம் கோட்டு மேலேயோ, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடியோ, அதாவது பந்து போற பக்கம் இருக்கணும். கோட்டுக்குப் பின்னாடின்னா, எடை வலது கால்லயே தங்கிடுச்சுன்னு அர்த்தம். இடது காலுக்கு மாத்துங்க. பத்து தடவை தொடர்ந்து சரியா வந்தப்புறம் பந்தை வைங்க.

5. வேகம் கடைசி: முதல்ல அரை வேகம். பொட்டு நடுவுல விழ ஆரம்பிச்சப்புறம் முக்கால் வேகம். முழு வேகம் எல்லாத்துக்கும் கடைசி. "வண்டி நேரா ஓடக் கத்துக்காம டாப் கியர் எதுக்கு?"ன்னு கேட்கறார் அப்பா.

முக்கியமான விஷயம்: மொட்டை மாடியில பந்தை வச்சு வீசிப் பார்க்காதீங்க. மணிக்கு 200 கி.மீ.ல போற பந்து, பக்கத்து வீட்டுக் கண்ணாடியோட நிக்காது. பயிற்சிக்குன்னே இருக்கிற டிரைவிங் ரேஞ்சுல மட்டும்தான்!

பையைத் தூக்கின தோள்கள்

'கோல்ஃபா? அது பணக்காரங்க ஆட்டமாச்சே!'ன்னு நீங்க சொல்றது கேட்குது. இந்தியாவுல இந்த ஆட்டம் வந்தது வெள்ளைக்காரங்க கூடத்தான். கொல்கத்தாவுல ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் தொடங்கினது 1829-ல். ஆனா அதே கிளப்புல புல்வெளியைப் பராமரிச்சவரோட பையன் எஸ்.எஸ்.பி.சௌராசியா, 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். 2016, 2017-ன்னு ரெண்டு வருஷம் தொடர்ந்து இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார். பெங்களூர்ல கேடியா இருந்த சி.முனியப்பா, 2009-ல் இந்தியன் ஓப்பன் சாம்பியன். பெங்களூர்ப் பொண்ணு அதிதி அசோக், ரொம்ப தூரம் அடிக்கிற ஆள் இல்லை. ஆனா 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல நாலாவது இடம்! மெடல் மயிரிழையில போச்சு.

முனியப்பா ஜெயிச்ச செய்தி வந்த பேப்பரை அப்பா இன்னும் பீரோவுல மடிச்சு வச்சிருக்கார். அதை நான் போன மாசம்தான் பார்த்தேன். "நீங்க ஏன்ப்பா போட்டியில எல்லாம் கலந்துக்கலை?"ன்னு கேட்டேன்.

"திங்கட்கிழமை மட்டும் ஆடி போட்டிக்குப் போக முடியுமா பாப்பா?"ன்னு சொல்லிட்டு, பேப்பரைத் திரும்ப மடிச்சு வச்சார். அப்புறம் அதைப் பத்திப் பேசலை.

அவருக்கு இப்ப வலது முட்டி வலிக்குது. பையைத் தூக்கிட்டு 18 ஹோல் நடக்க முடியலை, 9 ஹோலோட நிறுத்திக்கறார். நான் படிச்சு முடிக்க இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு. ரெண்டு பேருமே மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். வெளியில பேசிக்கறது எல்லாம் பந்தைப் பத்தி மட்டும்தான்.

அரியர் என்னாச்சுன்னுதானே கேட்கறீங்க? மோதல் பாடத்துல இருந்து கணக்கு வந்தது. ரெண்டு உருண்டை, ரெண்டு எடை, ஒரு e. நான் மனசுக்குள்ள ஒண்ணை டிரைவராவும் ஒண்ணைப் பந்தாவும் மாத்திக்கிட்டு சரசரன்னு போட்டேன். க்ளியர்!

ஸ்லைஸும் பாதி குறைஞ்சிருக்கு. பத்துல அஞ்சு பந்து நேரா போகுது. மிச்ச அஞ்சையும் புதருக்குள்ள போய் எடுத்துட்டு வர்றது இப்ப நான்தான். அப்பாவை அனுப்பறதில்லை.

போன வாரம் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்குக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. அதுலயும் அதே கேள்வி. 'அப்பாவின் தொழில்?'

'கோல்ஃப் கேடி, 24 வருட அனுபவம்'னு எழுதினேன்.

பக்கத்துல இருந்தவள் எட்டிப் பார்த்துட்டு, "ஏய், சொல்லவே இல்ல! எனக்கும் கத்துத் தருவாராடி?"ன்னு கேட்டாள்.

திங்கட்கிழமை காலையில அஞ்சரை மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். மார்க்கரையும் கோலமாவையும் அவதான் எடுத்துட்டு வரணும்!